‘முடியாது’ என்று சொன்னது யார்?

2025 அக்டோபர் 26-ஆம் தேதி, கோலாலம்பூரில் ஆசியான் மாநாடு நடந்துகொண்டிருந்தபோது மலேசியாவும் அமெரிக்காவும் ஒரு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அன்று இரவே என் வாட்சப் குழுக்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டன. ஒரு பக்கம், ‘நாட்டை வித்துட்டாங்க.’ இன்னொரு பக்கம், ‘வேற என்னலா செய்யச் சொல்றீங்க? வரி இன்னும் ஏறினா எத்தனை ஃபேக்டரி தாங்கும்?’ வாசகத்தைத் தேடிப் படித்த நண்பர் ஒருவர், ‘மலேசியா செய்ய வேண்டும்’ என்று தொடங்கும் வரிகள்தான் அதில் அதிகம் என்றார். நானும் படித்தேன். அவர் சொன்னது உண்மைதான்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. இரண்டு தரப்பும் ‘மலேசியா’ என்ற சொல்லை ஓர் ஆளின் பெயர் மாதிரி பயன்படுத்தினார்கள். மலேசியா பணிந்தது, மலேசியா சமாளித்தது, மலேசியா ஏமாந்தது. யார் இந்த மலேசியா? கையுறை ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் என் சித்தி மகனா? விலை குறைந்த இறக்குமதிக் கோழி வந்தால் சந்தோஷப்படும் சாப்பாட்டுக் கடைக்காரரா? அதே கோழியைப் பார்த்துப் பயப்படும் பண்ணைக்காரரா?

இந்தக் கேள்வியோடு அலமாரியிலிருந்து மூன்று பழைய புத்தகங்களை எடுத்து மறுபடி படித்தேன். மூன்றும் முப்பது வருடங்களுக்கு முந்தியவை. மூன்றிலும் ஒரு நாவலாசிரியரின் கை இருக்கிறது. மூன்றுமே அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் நடந்த வர்த்தகச் சண்டையிலிருந்து பிறந்தவை. இரண்டு நாடுகளின் பேரத்தை எழுத்தாளன் எழுத வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இவற்றைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மூன்றுமே தோற்ற புத்தகங்கள்தான். எங்கே தோற்றன என்பதைப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

*

அந்தச் சண்டையைத் தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். 1981-இல் அமெரிக்காவின் நெருக்குதலால் ஜப்பான் தன் கார் ஏற்றுமதியை ஆண்டுக்கு 16.8 லட்சம் என்று ‘தானாக முன்வந்து’ குறைத்துக்கொண்டது. 1986-இல் கணினிச் சில்லுகளுக்கு ஓர் ஒப்பந்தம். அதை ஜப்பான் மீறியதாகச் சொல்லி அடுத்த வருடமே ரீகன் 30 கோடி டாலர் மதிப்புள்ள ஜப்பானியப் பொருள்களுக்கு 100 விழுக்காடு வரி போட்டார். 1989-இல் பேச்சு வேறு இடத்துக்கு நகர்ந்தது. சுங்க வரியெல்லாம் பழைய கதை, உங்கள் நாட்டின் உள்கட்டுமானமே எங்கள் பொருளுக்குத் தடையாக இருக்கிறது, அதை மாற்றுங்கள் என்றது அமெரிக்கா. நிலச் சட்டம், சேமிப்புப் பழக்கம், கம்பெனிகளின் கூட்டு, கடைகளுக்கான கட்டுப்பாடு எல்லாம் மேசைக்கு வந்தன. வாசலில் நின்று பேரம் பேசியவர் வீட்டுக்குள் வந்து சமையலறையை இடித்துக் கட்டச் சொன்ன கதைதான்.

அந்த வருடம் வெளிவந்த புத்தகம் ‘முடியாது என்று சொல்லத் தெரிந்த ஜப்பான்’. எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் சோனி நிறுவனத்தின் அக்கியோ மொரிட்டா. இன்னொருவர் ஷிந்தாரோ இஷிஹாரா.

இஷிஹாராவைப் பின்னாளில் தோக்கியோ ஆளுநராகத்தான் பலருக்குத் தெரியும். தொடக்கத்தில் அவர் நாவலாசிரியர். பல்கலைக்கழக மாணவராக இருக்கும்போதே ‘சூரியனின் பருவம்’ என்ற கதைக்கு அக்குதாகவா விருது வாங்கியவர். போர் முடிந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. தேசம் துக்கத்தில் இருக்க வேண்டும், உழைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, படகும் குத்துச்சண்டையும் காமமுமாகத் திரியும் பணக்கார வீட்டுப் பையன்களை அவர் எழுதினார். அந்தப் பையன்களை எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் அந்தக் கதையில் ஓர் எழுத்தாளன் இருக்கிறான். ‘ஜப்பானியர்’ என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் அதில் அடங்காத ஆள்களை அவன் கண்டுபிடித்தான்.

1989-இல் அதே ஆள் எழுதும்போது அந்தக் கூட்டம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. ஜப்பான் நினைக்கிறது, ஜப்பான் பொறுத்தது, ஜப்பான் இனிப் பொறுக்காது. அமெரிக்காவின் கோபத்துக்கு அடியில் இனவெறி இருக்கிறது என்கிறார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சில்லுகளை அமெரிக்காவுக்குப் பதிலாகச் சோவியத் யூனியனுக்கு விற்றால் உலகின் ராணுவச் சமநிலையே மாறிவிடும் என்கிறார். படிக்க விறுவிறுப்பாக இருக்கிறது, எங்கள் ஊர் காப்பிக்கடை மேசையில் உட்கார்ந்து கேட்பது மாதிரி. ஆனால் அந்தச் சில்லைச் செய்கிற ஒரு கையைக்கூடப் பக்கங்களில் காணோம்.

இந்தப் புத்தகத்தின் மிகச் சிறந்த விமர்சனத்தை எழுதியவர் மொரிட்டா. ஒரு வரிகூட எழுதாமல் எழுதினார். அனுமதியில்லாத மொழிபெயர்ப்பு ஒன்று வாஷிங்டனில் கைமாறிக் கைமாறிப் பரவியது. அதே 1989-இல்தான் சோனி கொலம்பியா பிக்சர்ஸ் நிறுவனத்தை வாங்கியிருந்தது. 1991-இல் முறையான ஆங்கிலப் பதிப்பு வந்தபோது அதில் மொரிட்டாவின் பகுதிகள் இல்லை, அவர் விலகிக்கொண்டார். என்னிடம் இருப்பது அந்தப் பதிப்புதான். அமெரிக்காவில் விற்கச் சரக்கு வைத்திருந்தவர் அமைதியாகிவிட்டார், ஓட்டு வாங்க வேண்டியவர் தொடர்ந்து பேசினார். ‘முடியாது’ என்று சொல்லும் ஒரே ஜப்பான் இருக்கிறது என்று சொன்ன புத்தகத்தின் அட்டைக்குள்ளேயே இரண்டு ஜப்பான் இருந்திருக்கிறது.

*

இரண்டாவது புத்தகம் மைக்கேல் கிரைட்டன் 1992-இல் எழுதிய ‘ரைசிங் சன்’. லாஸ் ஏஞ்சலஸில் நக்கமோட்டோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கோபுரத் திறப்பு விழா. மேல்மாடியில் ஒரு பெண் கொல்லப்படுகிறாள். விசாரிக்க வருபவர்களில் ஜான் கானர் என்ற மூத்த அதிகாரிக்கு ஜப்பானைப் பற்றி எல்லாம் தெரியும். கதை சொல்லும் ஸ்மித்துக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே காட்சிக்கு ஒரு பாடம். எப்படி வணங்குவது, எப்படி விசிட்டிங் கார்டு கொடுப்பது, எப்படி ஒரு தொழிலை விலை குறைத்து நசுக்குவது. கண்காணிப்புக் கேமராவின் பதிவை எப்படி மாற்றினார்கள் என்று கண்டுபிடிக்கும் பகுதிகள் நன்றாக இருக்கின்றன. அங்கே கிரைட்டனுக்குத் தன் வேலை தெரிகிறது. மற்ற இடங்களில் ஜப்பானியர்கள் ஒரு வாதத்தின் சான்றுகளாக வந்து போகிறார்கள். நாவல் முடிந்ததும் பின்னுரையும் நூற்பட்டியலும் வேறு இருக்கின்றன. ஒரு துப்பறியும் கதைக்கு நூற்பட்டியல் எதற்கு? தன் கதை தன் காலில் நிற்கவில்லை என்று அவருக்கே ஒரு சந்தேகம் இருந்திருக்கும்.

அடுத்த வருடம் படம் வந்தது. ஆசிய அமெரிக்கர்களின் எதிர்ப்பு ஒரு பக்கம் இருக்க, நாவலில் ஜப்பானியராக இருந்த கொலையாளி படத்தில் அமெரிக்கராக மாறினார். மாற்றியும் கதை அப்படியே ஓடியது! இதைவிடப் பெரிய குறையை நான் சொல்ல முடியாது. நல்ல கதையில் கொன்றவனை மாற்றினால் கதை இடிந்துவிழும். இங்கே விழவில்லை என்றால் கொலையாளி அந்த ஆளே இல்லை. அவன் நெற்றியில் ஒட்டியிருந்த நாட்டின் பெயர்தான் கொலையாளி.

இது வெறும் இலக்கியக் குறைதானே என்று தோன்றலாம். 1982 ஜூன் மாதம் டிட்ராய்ட்டில் வின்சென்ட் சின் என்ற 27 வயது இளைஞரை இரண்டு பேர் பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். நான்கு நாளில் இறந்துபோனார். அடித்தவர்கள் கார்த் தொழிலைச் சேர்ந்தவர்கள். ஒருவர் ஆலையில் மேற்பார்வையாளர், இன்னொருவர் வேலை போனவர். உங்களால்தான் எங்கள் வேலை போகிறது என்ற பொருளில் வசை விழுந்ததாக ஒரு சாட்சி சொன்னார். சின் ஜப்பானியரே இல்லை, சீன அமெரிக்கர். தண்டனை மூன்று வருட நன்னடத்தைக் காலமும் ஆளுக்கு 3,000 டாலர் அபராதமும், ஒரு நாள்கூடச் சிறை இல்லை. ‘ஜப்பான்’ என்பது ஓர் ஆளின் பெயராகிவிட்டால், அந்த ஆளைத் தெருவில் தேடிப் பிடிக்க ஒருவன் கிளம்பிவிடுகிறான். பத்து வருடம் கழித்து எழுதிய கிரைட்டனுக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

*

இந்த இரண்டு புத்தகங்களும் கவனிக்காத ஒரு காட்சி இருக்கிறது. 1992 ஜனவரி 7. ஜப்பானின் நாரா மாநிலத்தில் காஷிஹாரா என்ற ஊர். அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், அப்பா புஷ், ஒரு பொம்மைக் கடைக்கு வருகிறார். டாய்ஸ் ‘ஆர்’ அஸ் நிறுவனத்தின் ஜப்பானிய இரண்டாவது கிளை அது. (மறுநாள் இரவு விருந்தில் அவர் பிரதமர் மியாசாவா மேல் வாந்தி எடுத்ததைத்தான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது.) ஓர் அதிபர் எதற்குப் பொம்மைக் கடைக்கு வர வேண்டும்?

ஜப்பானில் 1974 முதல் பெருங்கடைச் சட்டம் என்று ஒன்று நடைமுறையில் இருந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கடை திறக்க வேண்டுமென்றால் அந்த வட்டாரத்துச் சின்னக் கடைக்காரர்களோடு பேசி ஓர் இணக்கத்துக்கு வர வேண்டும். 1979-இல் அந்த அளவு 500 சதுர மீட்டர் வரை இறங்கியது. பேச்சு வருடக்கணக்கில் இழுக்கும், சில இடங்களில் பத்து வருடம். தெருமுனைப் பொம்மைக் கடைக்காரர் ‘முடியாது’ என்றால் அந்தச் சொல்லுக்கு எடை இருந்தது. 1989-இல் தொடங்கிய பேச்சுவார்த்தையில் அமெரிக்கா குறிவைத்தது இந்தச் சட்டத்தை. அது தளர்ந்து, காத்திருக்கும் காலம் ஒரு வருடத்துக்குள் சுருங்கியது. 2000-இல் சட்டமே போய்விட்டது. இஷிஹாரா ‘முடியாது’ என்ற சொல்லைப் புத்தகமாக விற்றுக்கொண்டிருந்த அதே வருடங்களில், அந்தச் சொல்லை உண்மையிலேயே வைத்திருந்தவரின் கையிலிருந்து அது நழுவிக்கொண்டிருந்தது.

இப்போது ஜப்பானிய மொழியில் ‘ஷட்டர் தெரு’ என்று ஒரு சொல் புழங்குகிறது. இரண்டு பக்கமும் கடைகள் இருக்கும், எல்லாவற்றின் இரும்புக் கதவும் இறங்கியிருக்கும்.

இங்கேயே நிறுத்தினால் நானும் இஷிஹாரா மாதிரிதான் எழுதியவன் ஆவேன். அமெரிக்கா வந்தது, கடை போனது என்று. கணக்கு அவ்வளவு நேராக இல்லை. ஜப்பானில் சில்லறைக் கடைகளின் எண்ணிக்கை 1982-இல் சுமார் 17 லட்சமாக உச்சத்தில் இருந்தது. பேச்சுவார்த்தை தொடங்குமுன்பே இறங்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் கடையை எடுத்து நடத்த வரவில்லை. கார் வந்தது, புறநகர் வந்தது. அதோடு, சட்டம் தளர வேண்டும் என்று ஜப்பானுக்குள்ளேயே பெரிய அங்காடி நிறுவனங்கள் விரும்பின, விலையைப் பார்த்து அலுத்துப்போன குடும்பத் தலைவிகளும் விரும்பினார்கள். ‘கையாட்சு’ என்று ஒரு ஜப்பானியச் சொல் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் அழுத்தம் என்று அர்த்தம். தாங்கள் செய்ய விரும்பியும் வாக்காளருக்குப் பயந்து செய்யாமலிருந்ததை, ‘அமெரிக்கா கேட்கிறது, என்ன செய்ய?’ என்று சொல்லிச் செய்துகொள்ள அரசியல்வாதிகளுக்கு அது உதவியது. மேசையின் இரண்டு பக்கமும் இரண்டு நாடுகள் உட்கார்ந்திருந்தன என்பதே பாதிக் கதைதான். மேசைக்கு அடியில் கால்கள் வேறு விதமாகப் பின்னிக்கிடந்தன.

இன்னொரு திருப்பமும் உண்டு. அந்தப் பொம்மைக் கடையின் அமெரிக்கத் தாய் நிறுவனம் 2017-இல் திவாலாகி, அடுத்த வருடம் அங்கே கடைகளை மூடியது. ஜப்பானியக் கிளைகள் தொடர்ந்து நடந்தன. இதை வைத்து யார் ஜெயித்தது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

*

இதெல்லாம் எனக்கு ஏன் ஒட்டுகிறது என்றால், எங்கள் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். தாமான் முனையில் ஒற்றைக் கதவுக் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் 555 நோட்டுகள் அடுக்கியிருக்கும், ஆளுக்கு ஒன்று. தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் மாதக் கடைசியில் கட்டுவார்கள், கட்டாமலும் போவார்கள்.

நான் படிவம் மூன்று படிக்கும்போது மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு ஹைப்பர்மார்க்கெட் வந்தது. அப்பா மொத்த வியாபாரியிடம் வாங்கும் விலையைவிடக் குறைவாக அங்கே சமையல் எண்ணெய் விற்றது. கொஞ்ச நாள் கழித்து அப்பாவே சனிக்கிழமை காலையில் அங்கே போய், ஆளுக்கு இத்தனைதான் என்ற கணக்கு இருந்ததால் என்னையும் தங்கையையும் தனித்தனி வரிசையில் நிறுத்தி, எண்ணெயும் மைலோவும் வாங்கிவந்து கடையில் வைத்தார். எங்களுக்கோ கொண்டாட்டம். ஏர்கோன், ஐஸ்கிரீம், நகரும் படிக்கட்டு. அம்மா வீட்டுச் சாமான் வாங்கவும் அங்கேதான் போனார். “ஏம்மா, நம்ம கடையிலயே எடுத்துக்கலாம்ல?” என்று கேட்டேன். “நம்ம கடையில எடுத்தா அது செலவு இல்லையா?” என்றார். எட்டு வருடம் தாக்குப்பிடித்துக் கடை மூடியது.

அந்தக் கதையை எழுத இரண்டு மூன்று முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் அப்பா பாவப்பட்டவராகவும் ஹைப்பர்மார்க்கெட் அரக்கனாகவும் வந்துவிட்டார்கள். ஐஸ்கிரீம் கையோடு நின்ற நான் கதையில் இல்லை. அம்மா சுத்தமாக இல்லை. எங்கள் நான்கு பேர் வீட்டிலேயே ‘நாங்கள்’ என்று ஒன்று இல்லாதபோது, ஒரு தேசத்துக்கு எப்படி இருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

*

மூன்றாவது புத்தகம் நமக்கு நெருக்கமானது. 1994-இல் இஷிஹாரா இன்னொரு கூட்டாளியோடு ‘முடியாது என்று சொல்லத் தெரிந்த ஆசியா’ எழுதினார். கூட்டாளி டாக்டர் மகாதீர். அடுத்த வருடம் ஆங்கிலத்தில் ‘தி வாய்ஸ் ஆஃப் ஆசியா’ என்று வந்தது. இரண்டு பேரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். மேற்கின் பாசாங்கை அவர்கள் பிடிக்கும் இடங்கள் சில கூர்மையானவை, மறுக்க மாட்டேன். ஆனால் இந்த முறை ‘நாம்’ இன்னும் பெருத்து ஒரு கண்டமாகிவிட்டது.

பெருக்கப் பெருக்க உள்ளே காற்றுதான் நிறைகிறது. மகாதீர் 1990-இல் கிழக்காசிய நாடுகளுக்கென்று ஒரு பொருளாதாரக் குழுவை முன்மொழிந்தார். அமெரிக்கா எதிர்த்தது. ஜப்பான் வந்தால்தான் அது நடக்கும் என்ற நிலை. ஜப்பான் தயங்கி ஒதுங்கிக்கொண்டது. முடியாது என்று சொல்லத் தெரிந்த ஜப்பான், முடியாது என்று சொன்னது மலேசியாவிடம்! இந்த முரணில் ஒரு முழு நாவல் இருக்கிறது. நாவலாசிரியர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எழுதவில்லை.

இன்னொன்றும் அதில் வந்திருக்கலாம். தன் நாட்டில் பெருங்கடைச் சட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஜப்பானிய அங்காடி நிறுவனங்களில் ஒன்றான ஜஸ்கோ, மகாதீரின் அழைப்பின் பேரில் 1984-இல் இங்கே வந்தது. நம் தலைமுறை தீபாவளிச் சட்டை எடுத்த ஜஸ்கோ அதுதான். ‘ஆசியாவின் குரல்’ என்ற தலைப்புக்குள் எத்தனை சின்னச் சின்னக் குரல்கள் எதிரும் புதிருமாகப் பேசியிருக்க முடியும்!

*

நம் தமிழ்க் கதைகளிலும் இந்தக் குறை இருக்கிறது, வேறு உருவத்தில். நான் படித்த தோட்டக் கதைகள் பலவற்றில் ரப்பர் விலை மழை மாதிரி வருகிறது. விலை விழுந்தது, ஆள் குறைத்தார்கள், கப்பல் ஏற்றினார்கள். ஆனால் விலை தானாக விழுவதில்லை. 1922-இல் மலாயாவும் இலங்கையும் எவ்வளவு ரப்பர் ஏற்றுமதி செய்யலாம் என்று லண்டனில் முடிவெடுத்து ஸ்டீவன்சன் திட்டம் போட்டார்கள். டயர் செய்யும் அமெரிக்கர்கள் கொதித்தார்கள், கட்டுப்பாட்டில் சேராத டச்சுக்காரர்கள் லாபம் பார்த்தார்கள், 1928-இல் திட்டம் முடிந்தது. அதுவும் ஒரு பேரம்தான். நம் தாத்தா பால் மரத்தில் இழுத்த கோட்டின் மறுமுனை ஒரு மேசையில் இருந்தது. இஷிஹாராவுக்கும் கிரைட்டனுக்கும் மேசை மட்டும் தெரிந்தது. நமக்கு மரம் மட்டும் தெரிகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்க்கும் கதைக்குத்தான் நான் காத்திருக்கிறேன்.

அப்படி எழுதினால் பொருளாதாரப் பாடமாகிவிடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஜூஸோ இத்தாமி 1996-இல் எடுத்த ‘சூப்பர்மார்க்கெட் பெண்’ படத்தைப் பாருங்கள். சரிந்துகொண்டிருக்கும் ஒரு சின்ன சூப்பர்மார்க்கெட், எதிரே தள்ளுபடிக் கடை. விற்காத இறைச்சியை மறுபடி பொட்டலம் கட்டித் தேதியை மாற்றி ஒட்டுகிறார்கள். வேலைக்கு வரும் ஹனாக்கோ ஒரு சாதாரணக் குடும்பப் பெண், வாங்குகிறவளின் கண்ணோடு கடைக்குள் நுழைகிறாள். இறைச்சி வெட்டுகிறவரின் கர்வம், மீன் பிரிவின் பிடிவாதம், முதலாளியின் பயம் எல்லாம் அந்தப் பொட்டலத்தைச் சுற்றி வருகின்றன. வாஷிங்டன் என்ற பெயரே தேவைப்படவில்லை. போட்டி ஒரு தெருவுக்குள் வந்தால் யார் யாரோடு சண்டை போடுவார்கள் என்று அதைப் பார்த்தால் தெரியும். கடைக்குள் ஒரே ‘நாம்’ இல்லை என்று இத்தாமிக்குத் தெரிந்திருக்கிறது. படம் கொஞ்சம் இனிப்பாக முடிகிறது என்பது என் புகார். ஆனாலும் மூன்று புத்தகங்களுக்கும் சேர்த்து அந்த ஒரு படத்தை வைத்துக்கொள்வேன்.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பாவிடம் பேசினேன். இப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. 555 நோட்டுகளை இன்னும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். வராத கடன் எவ்வளவு என்று கேட்டால் சொல்ல மாட்டார். ஒப்பந்தம் பற்றி ஓரளவு கேள்விப்பட்டிருந்தார். நான் ஷட்டர் தெருவைப் பற்றிச் சொன்னேன். சட்டப்படி கடைக்காரர்களைக் கேட்டுத்தான் பெரிய கடை வைக்க வேண்டும் என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்படி ஒரு சட்டம் இங்க இருந்திருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பீங்களா?”

“சொல்லியிருப்பேன்.”

கொஞ்ச நேரம் கழித்து, சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒங்கம்மாகிட்ட யாரு சொல்றது?”